வரைவதற்கு முன் படத்தை நகர்த்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தில் நம் குமரி மாவட்டத்தை வரைந்துகொண்டிருப்பவர்களுக்கும், இனி வரையப் போகிற மாணவர்களுக்கும் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், முடிந்தால் வெட்டாமல் போடுங்கள். செயற்கைக்கோள் படத்தைத் திரையில் விரித்து, அதில் தெரிகிற சாலை, வீடு, குளம், சானல் (வாய்க்கால்) எல்லாவற்றின் மேலும் கோடு இழுப்பதுதான் இந்த வேலையில் பெரும்பகுதி. அந்தப் படம் பூமியில் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரைகிறவர்கள் மிகக் குறைவு. படம் பத்து மீட்டர் வடக்கே தள்ளியிருந்தால் அதைப் பார்த்து வரைந்த ஊர் முழுவதும் பத்து மீட்டர் வடக்கே போய் உட்காரும். வரைந்தவருக்கு அது தெரியாது, ஏனென்றால் அவர் திரையில் கோடும் படமும் கச்சிதமாகப் பொருந்தித்தான் நிற்கும்.

தெரியாதவர்களுக்காக ஒரு சிறு அறிமுகம். ஓபன்ஸ்ட்ரீட்மேப் 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் கணக்கு தொடங்கி வரையலாம், ஒருவர் வரைந்ததை இன்னொருவர் திருத்தலாம், உரிமத்தின் நிபந்தனைகளை மதித்தால் அந்தத் தரவை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஆரம்பத்தில் ஜிபிஎஸ் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்துதான் வரைந்தார்கள். 2010-ம் ஆண்டு கடைசியில் மைக்ரோசாப்ட் தன் பிங் வான்படங்களைப் பார்த்து வரைய அனுமதி கொடுத்தது, அதற்கப்புறம் வீட்டில் உட்கார்ந்தபடியே வரைகிறவர்கள் பெருகினார்கள். இப்போது எஸ்ரி, மேப்பாக்ஸ் நிறுவனங்களின் படங்களும் கிடைக்கின்றன. கூகுள் படத்தைப் பார்த்து வரைய மட்டும் அனுமதி இல்லை, இதையும் பலர் மறந்துவிடுகிறார்கள் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பத்து மீட்டர் என்ன பெரிய தூரமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. தோவாளைப் பக்கம் வயல் நடுவே நின்று பார்த்தால் அது பெரிதாகத் தெரியாதுதான். கடற்கரைக்கு வாருங்கள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, குளச்சல், கடியபட்டணம் என்று எந்தக் கடலோர ஊரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், நடுவில் எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய இடைவழி. அங்கே பத்து மீட்டர் என்றால் ஒரு வரிசை வீடு அடுத்த வரிசைக்குப் போய்விடும். முதல் வரிசை மணலுக்கோ கடலுக்கோ போய்விடும். கடலோரமாகப் போகிற ஏ.வி.எம். சானலின் ஒரு கரையில் இருக்கிற வீடு மறு கரைக்குத் தாவிவிடும், சானலுக்கு எந்தப் பக்கம் அந்த வீடு என்பது 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பார்த்த ஊர்க்காரர்களிடம் அலட்சியமாகப் பேசுகிற விஷயம் இல்லை. 2010 ஜனவரியில் ஹைதி நிலநடுக்கத்தின்போது உலகம் முழுவதும் இருந்த தன்னார்வலர்கள் வான்படத்தைப் பார்த்து போர்ட்-ஓ-பிரின்ஸ் நகரை வரைந்து கொடுத்தார்கள், மீட்புக் குழுக்கள் அந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்தன. நமக்கும் 2017-ல் ஒக்கி புயல் வந்தது, 2021 நவம்பரில் வெள்ளம் வந்தது. அடுத்த முறை ஒரு குழு வெளியூரிலிருந்து இந்த வரைபடத்தை இறக்கிக்கொண்டு வந்தால் அதில் நம் ஊர் சரியான இடத்தில் இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன், அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கல் தினமும் கண்ணில் படுவது. ஒருவர் பிங் படத்தைப் பார்த்துச் சாலையை வரைகிறார், மற்றொருவர் எஸ்ரி படத்தைப் பார்த்து அதே சாலையை ஒட்டி ஓடுகிற சானலை வரைகிறார். இரண்டு படங்களும் வெவ்வேறு திசையில் வெவ்வேறு அளவில் தள்ளியிருக்கும். விளைவு, சானல் சாலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போய் மறுபடியும் இந்தப் பக்கம் வரும், தரக் கண்காணிப்பு மென்பொருள் “இங்கே பாலம் விடுபட்டிருக்கிறது” என்று எச்சரிக்கும், உடனே யாரோ ஒருவர் நல்ல மனதோடு அங்கே ஒரு பாலத்தைப் போட்டுவிடுவார். அந்த இடத்தில் பாலமே கிடையாது. நாஞ்சில் நாட்டில் சானல் கரையே சாலையாக இருக்கிற இடங்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

சரி, படம் ஏன் தள்ளிப்போகிறது? செயற்கைக்கோள் பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறது, அது எப்போதும் நம் ஊருக்கு நேர் மேலே வந்து நேராகக் கீழே பார்த்துப் படம் எடுப்பதில்லை. பக்கவாட்டில் சாய்ந்துதான் பெரும்பாலும் எடுக்கும். சாய்வாக எடுத்த படத்தை, நேர் மேலிருந்து பார்த்தது போல மாற்ற வேண்டும். அதற்குத் தரையின் ஒவ்வொரு இடமும் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்ற கணக்கு தேவை. அந்த உயரக் கணக்கில் பிழை இருந்தால் அது அப்படியே பக்கவாட்டு விலகலாக மாறும். சாய்வு 25 டிகிரி, உயரத்தில் 30 மீட்டர் பிழை என்று வைத்துக்கொண்டால் தரையில் 14 மீட்டர் தள்ளிப்போகும், பள்ளிக்கூடத்து முக்கோணவியல்தான். சமதளத்தில் இந்தப் பிழை சிறிது, மலையில் பெரிது. நம் மாவட்டத்திலோ கடலிலிருந்து மலைக்கு அதிக தூரமே கிடையாது. மேடும் பள்ளமுமான தரையில் பாயை விரித்தால் எப்படி ஓரிடத்தில் சுருங்கி ஓரிடத்தில் இழுபடுமோ அப்படித்தான் கீரிப்பாறை, காளிகேசம், பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் எல்லாம் படம் கிடக்கிறது. குழித்துறையில் அளந்து பொருத்திய அளவை அப்படியே பேச்சிப்பாறைக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. மலையடிவாரத்துக்கு ஓர் அளவு, மேலே தோட்டத்துக்கு வேறு அளவு என்றுகூட வரும்.

அதோடு, திரையில் ஒரே படமாகத் தெரிவது உண்மையில் பல நாட்களில் எடுத்த பல துண்டுகளின் ஒட்டு. ஒட்டு விழுந்த இடத்தில் சாலை திடீரென்று ஒரு பக்கமாக உடைந்து தெரியும், வயலின் பச்சை நிறம் ஒரு கோட்டில் மாறும். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு விலகல், அந்தப் பக்கம் வேறொரு விலகல். பெரிதாக்கிப் பார்க்கும்போது வருகிற படமும் சிறிதாக்கும்போது வருகிற படமும் வேறு வேறு நாளில் எடுத்தவையாக இருக்கலாம், அப்போது அவற்றின் விலகலும் வேறு. படம் கொடுக்கிற நிறுவனம் புதுப் படத்தை ஏற்றிவிட்டால் போன வருஷம் நீங்கள் அளந்து வைத்த கணக்கு செல்லாது. ஆகவே ஒருமுறை பொருத்திவிட்டேன், வேலை முடிந்தது என்று யாரும் இருக்க முடியாது.

இப்போது உயரமான பொருட்கள். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் இதற்கு நம் மாவட்டத்தைப் போல உதாரணம் கிடைப்பது அரிது. மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி உயரம், அதாவது 35 மீட்டர். தரையைச் சரியான இடத்தில் வைத்துத் திருத்திய படத்தில்கூட, 20 டிகிரி சாய்வில் எடுத்திருந்தால், பாலத்தின் மேல்தளம் கிட்டத்தட்ட 13 மீட்டர் பக்கவாட்டில் விழுந்து தெரியும். இரண்டு முனைகளும் குன்றில் தரையோடு சேர்வதால் அவை இடத்தில் நிற்கும், நடுப்பகுதி மட்டும் பறளியாற்றுக்கு மேலே தள்ளிப்போகும், கேமரா குறுக்கே பார்த்திருந்தால் நேரான தொட்டிப்பாலம் படத்தில் வில் போல வளைந்துகூட வரும். படத்தை நம்பி வளைவாக வரைந்தால் தப்பு. இரண்டு முனைகளைச் சரியாகப் பிடித்து நேர்க்கோடு போட வேண்டும். கன்னியாகுமரியில் 133 அடி திருவள்ளுவர் சிலையும் அப்படியே: தலை இருக்கிற இடத்தில் புள்ளி வைத்தால் அது கடலில் விழும் வாய்ப்பு உண்டு, பீடம் பாறையைத் தொடுகிற இடத்தில்தான் வைக்க வேண்டும். 2024 டிசம்பரில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தை வரைகிறவர்களும் இரு பக்கப் பாறைகளையும் முதலில் சரியாக்கிக்கொண்டு அப்புறம் பாலத்துக்கு வரட்டும்.

முப்பந்தல், ஆரல்வாய்மொழி காற்றாலைகளை வரைகிறவர்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு. படத்தில் கோபுரம் ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கும், அதன் நிழல் வேறொரு பக்கம் கிடக்கும். இரண்டும் சேர்கிற புள்ளிதான் அடித்தளம். விசிறி தெரிகிற இடத்தில் புள்ளி வைக்காதீர்கள். தென்னைக்கும் கைபேசிக் கோபுரத்துக்கும் சுசீந்திரம் ராஜகோபுரத்துக்கும் இதே விதிதான். மார்த்தாண்டம் மேம்பாலத்தையும் அதன் கீழே ஓடுகிற சாலையையும் ஒரே படத்தைப் பார்த்து வரைந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று விலகி நிற்கும், உண்மையில் ஒன்றின் மேல் ஒன்று இருக்கிறது. சாதாரண வீடும் விலக்கு இல்லை. மூன்று மாடி வீடு பத்து மீட்டர் உயரம் என்றால் 20 டிகிரி சாய்வில் மொட்டைமாடி மூன்றரை மீட்டர் தள்ளித் தெரியும். கூரையின் வடிவத்தை வரைந்துகொண்டு, அப்புறம் அந்த வடிவத்தை மொத்தமாகப் பிடித்துச் சுவர் தரையைத் தொடுகிற இடத்துக்கு நகர்த்துங்கள், இதற்கு ஒரு நொடிதான் ஆகும்.

படத்தை எதோடு பொருத்துவது? ஜிபிஎஸ் தடத்தோடு. கைபேசியில் ஓஎஸ்எம்ஆண்ட் போன்ற ஒரு செயலியை வைத்துப் போகிற வழியைப் பதிவு செய்து ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றலாம், மற்றவர்கள் ஏற்றியதையும் படத்தின் மேல் கோடுகளாகப் பார்க்கலாம். திறந்த வெளியில் நல்ல கைபேசி சுமார் 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லும். ஆனால் ஒரே ஒரு தடத்தை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. செயற்கைக்கோள்கள் வானத்தில் நிற்கிற அமைப்பு நேரத்துக்கு நேரம் மாறும், அதனால் வெவ்வேறு நாளில், வெவ்வேறு நேரத்தில், முடிந்தால் வெவ்வேறு ஆட்களின் கைபேசியில் பதிந்த தடங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் நடுக்கோடு தெளிவாகும். செயலியைத் திறந்ததும் வண்டியை எடுக்காமல் சில நிமிடம் திறந்த வெளியில் நில்லுங்கள். கைபேசியைப் பேன்ட் பையில் போடாமல் வானம் தெரிகிற மாதிரி வண்டியின் முன்னால் மாட்டுங்கள்.

நாம் இடது பக்கம் ஓட்டுகிறவர்கள் என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும்போது பதிந்த தடம் சாலையின் இடது ஓரத்தில்தான் இருக்கும், அதையே சாலையின் நடு என்று நினைத்துப் படத்தை நகர்த்தினால் அகலமான சாலையில் மூன்று நான்கு மீட்டர் பிழை நம் கையாலேயே வரும். போகும்போதும் பதியுங்கள், திரும்பும்போதும் பதியுங்கள், இரண்டுக்கும் நடுவில் சாலையை வையுங்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று. வடக்கு தெற்காக ஓடுகிற ஒரு சாலையை மட்டும் வைத்துப் பொருத்தினால் படம் கிழக்கு மேற்காக எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். வடக்கு தெற்காக எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அந்தச் சாலை சொல்லவே சொல்லாது, கோட்டின் மேலேயே கோடு வழுக்கிக்கொண்டு போகும். குறுக்கே போகிற இன்னொரு சாலை கட்டாயம் வேண்டும். நாற்சந்திகளில் நாலு பக்கமும் போய்வந்த தடங்கள் இருந்தால் அதைவிட நல்ல அடையாளம் இல்லை. கடற்கரைச் சாலையை மட்டும் ஓட்டிப் பதிந்துவிட்டு மொத்த ஊரையும் நகர்த்துகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும், ஏனென்றால் நம் கடற்கரைச் சாலை நெடுக ஏறக்குறைய ஒரே திசையில்தான் போகிறது.

சாலையைத் தவிர வேறு அடையாளங்களும் உண்டு. தரைமட்டத்தில் இருக்க வேண்டும், மூலை கூர்மையாக இருக்க வேண்டும், வருஷக்கணக்கில் மாறாமல் இருக்க வேண்டும். தெப்பக்குளத்தின் கல்படிக்கட்டு மூலை, பள்ளி மைதானத்தில் சிமெண்ட் போட்ட கூடைப்பந்துத் தளத்தின் மூலை, ஓடை மேலே போகிற சிறு பாலத்தின் இரண்டு முனைகள், இவை நல்லவை. புத்தளம் பக்கத்து உப்பளத்தின் பெரிய வரப்புகளும் உதவும், அங்கே வானமும் முழுசாகத் திறந்திருக்கும். அந்த இடத்தில் கைபேசியை வைத்துக்கொண்டு சில நிமிடம் அசையாமல் நின்று சராசரி எடுத்தால் போதும். ஏரி, குளத்தின் தண்ணீர் விளிம்பை வைத்து ஒருபோதும் பொருத்தாதீர்கள், ஐப்பசியில் ஓர் இடம், பங்குனியில் ஓர் இடம். கடல் விளிம்பும் அப்படித்தான். கடலுக்குள் கல் கொட்டித் தூண்டில் வளைவு போட்ட பிறகு மணல் ஒரு பக்கம் சேர்ந்து மறுபக்கம் அரித்துப்போன ஊர்களில் பழைய படத்தின் கரையும் இன்றைய கரையும் ஒன்றாகவே இருக்காது.

விளவங்கோடு, கல்குளம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் போகிற பாதைகள் கஷ்டமானவை. மேலே இலை மூடியிருப்பதால் படத்திலும் தெரியாது, ஜிபிஎஸ்ஸும் அலையும். ரப்பர் இலை உதிர்க்கிற டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் அதற்கு நல்ல காலம், அந்த மாதங்களில் எடுத்த படம் கிடைத்தால் விடாதீர்கள், தடம் பதியவும் அப்போதே போங்கள்.

பொருத்துகிற வேலை கையில் மிகச் சுலபம். உலாவியில் ஓடுகிற ஐடி (iD) என்ற வரைபடத் தொகுப்பானில் பின்னணிப் படத்துக்கான பலகத்தைத் திறந்தால் அடியில் படத்தை நகர்த்துவதற்கான கட்டம் இருக்கும், அதைப் பிடித்து இழுத்தால் படம் நகரும், ஏற்கெனவே வரைந்த கோடுகள் அசையாது. கணினியில் நிறுவி வரைகிற ஜோசம் (JOSM) மென்பொருளில் படங்களுக்கான பட்டியலில் புதிய விலகல் என்று சேர்க்கலாம், அளந்த விலகலை மற்றவர்களுக்கும் பயன்படும்படி பொதுவில் சேமிக்க அதற்கென்று ஒரு செருகுநிரலும் இருக்கிறது. மாற்றங்களைச் சேமிக்கும்போது குறிப்பில் எந்தப் படம், எதைப் பார்த்துப் பொருத்தினேன் என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரி இல்லாததால் அடுத்து வருகிறவர் எதை நம்புவது என்று தெரியாமல் தவிக்கிறார்.

வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய இட எண்ணை (அட்சரேகை, தீர்க்கரேகை) நம்பி வேலை செய்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நம் பகுதியில் தசமப் புள்ளிக்குப் பின் நான்காவது இலக்கம் ஒன்று மாறினால் 11 மீட்டர் மாறும், ஐந்தாவது இலக்கத்துக்கு 1.1 மீட்டர். நான்கு இலக்கத்தோடு வெட்டி அனுப்பிய எண்ணை வைத்து யாரும் படத்தைப் பொருத்த வேண்டாம்.

இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியது குலசேகரம் பக்கம் நடந்த ஒரு விஷயம். நானும் நண்பர்களும் மழையிலும் வெயிலிலும் பைக்கில் போய்ப் போய்த் தடம் பதிந்து சில மலைச்சாலைகளைச் சரியான இடத்தில் வைத்திருந்தோம். எங்கோ இருக்கிற ஒருவர், இந்த ஊருக்கு வந்திராதவர், புதுப் படத்தைத் திறந்து பார்த்திருக்கிறார், சாலைகள் படத்தோடு பொருந்தவில்லை, உடனே மொத்தத்தையும் பிடித்துப் படத்தின் மேல் இழுத்து வைத்துவிட்டுப் போய்விட்டார். கெட்ட எண்ணம் அவருக்கு இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் எனக்குக் கோபம் வந்தது, இன்னும் இருக்கிறது. தரையில் நின்று அளந்ததை, பல நூறு கிலோமீட்டர் மேலிருந்து எடுத்த ஒரு படத்தை நம்பி அழிக்கலாமா? படம்தான் ஊருக்குப் பொருந்த வேண்டும். ஒரு சாலை படத்தை விட்டு விலகி நிற்பதைப் பார்த்தால் முதலில் அதன் வரலாற்றைத் திறந்து பாருங்கள், யார் வரைந்தது, எதைப் பார்த்து வரைந்தது என்று இருக்கும். ஜிபிஎஸ் தடம் அதன் மேல் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் சாலையைத் தொடாமல் படத்தை நகர்த்துங்கள். சந்தேகம் இருந்தால் வரைந்தவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள், அதற்கான வசதி அங்கேயே இருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. தப்பான படத்தைப் பார்த்து வரைந்த ஒரு முழு ஊரைத் திருத்த வேண்டி வந்தால், அழித்துவிட்டுப் புதிதாக வரையாதீர்கள். தெருக்கள், வீடுகள், கிணறுகள் எல்லாவற்றையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து ஒரே அளவில் நகர்த்துங்கள். அப்போதுதான் ஒன்றுக்கொன்று உள்ள தூரம் கெடாது, முதலில் வரைந்தவரின் பெயரும் உழைப்பும் வரலாற்றில் நிற்கும்.

கணினி தானாகக் கண்டுபிடித்த கட்டட உருவரைகளை மைக்ரோசாப்டும் கூகுளும் கோடிக்கணக்கில் வெளியிட்டிருக்கின்றன. அதை அப்படியே அள்ளிக் கொட்டினால் ஒரே இரவில் மாவட்டம் முழுவதும் வீடாகிவிடும் என்று சில மாணவர்கள் ஆர்வமாக இருக்கிறார்கள். ஆர்வத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த உருவரைகள் எந்தப் படத்திலிருந்து எடுக்கப்பட்டனவோ அந்தப் படத்தின் விலகலைத் தங்களோடு சுமந்துகொண்டுதான் வரும், கூரையின் சாய்வையும் சேர்த்து. அளக்காமல் ஏற்றினால் கையால் நூறு பேர் செய்யக்கூடிய பிழையை ஒருவர் ஒரு மாலையில் செய்துவிடலாம். தென்னைக்கு நடுவே இருக்கிற நம் ஓட்டு வீடுகளை அந்த மென்பொருள் பாதியாகவும் கண்டுபிடிக்கும், இரண்டு வீட்டை ஒன்றாகவும் கண்டுபிடிக்கும். ஒரு வார்டு எடுத்துக்கொண்டு, பொருத்திப் பார்த்து, நடந்து சரிபார்த்து ஏற்றுங்கள், மெதுவாகப் போனாலும் பரவாயில்லை.

பழைய நில அளவை வரைபடங்களை ஸ்கேன் செய்து மேலே விரிக்கிறவர்களுக்கும் எச்சரிக்கை தேவை. இந்த விஷயத்தில் நம் மண்ணுக்குப் பெரிய சரித்திரம் இருக்கிறது. 1802 ஏப்ரல் 10-ல் சென்னையில் அடிப்படைக் கோடு அளந்து வில்லியம் லாம்டன் தொடங்கிய முக்கோண அளவையின் பெரிய வில், தெற்கே குமரிமுனைக்கு அருகில்தான் தொடங்கி வடக்கே இமயம் வரை போனது. அந்த அளவுகளையும் வைத்து ஜார்ஜ் எவரெஸ்ட் பூமியின் வடிவத்துக்கு ஒரு கணக்குக் கொடுத்தார், பழைய வரைபடங்கள் அந்தக் கணக்கில் இருக்கின்றன. ஜிபிஎஸ் வேலை செய்வது வேறு கணக்கில். மாற்றிக் கணக்கிடாமல் அட்சரேகை தீர்க்கரேகையை அப்படியே எடுத்து வைத்தால் நம் பகுதியில் விலகல் நூறு மீட்டரைத் தாண்டிவிடும். அந்தக் காலத்து அளவையாளர்கள் கோட்டைவிட்டதால் வந்த வித்தியாசம் இல்லை இது, இரண்டு கணக்குக்கும் அடிப்படையே வேறு.

இடையில் ஒன்று. வேலித் தகராறுக்கு இந்த வரைபடத்தைக் காட்டி வாதாட யாரும் வர வேண்டாம். புல எண்ணுக்கும் எல்லைக் கல்லுக்கும் சர்வேயர்தான். அங்கே பேச்சு சென்டிமீட்டரில், இங்கே ஒன்றிரண்டு மீட்டருக்குள் வந்தாலே எனக்குத் திருப்தி.

இனி நான் கேட்க விரும்புவது. நம் மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை, சிவில் துறையில் தூரமும் கோணமும் அளக்கிற டோட்டல் ஸ்டேஷனும் சில இடங்களில் சாதாரண ஜிபிஎஸ்ஸைவிடத் துல்லியமான டிஜிபிஎஸ் கருவியும் இருக்கும். மாணவர்களுக்கு அளவைப் பயிற்சி பாடத்திலேயே இருக்கிறது. கல்லூரி வளாகத்துக்குள்ளேயே வருஷா வருஷம் அதே மரத்தையும் அதே மைதானத்தையும் அளப்பதற்குப் பதிலாக, ஊருக்குள் வந்து ஒரு தெப்பக்குளத்தின் நாலு மூலையை, ஒரு பாலத்தின் இரண்டு முனையை, ஒரு பேருந்து நிலையத்தின் தரைத்தள மூலையைத் துல்லியமாக அளந்து, எண்களைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டால் போதும். கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குக் கிராமத்துக்குப் போகிறவர்கள் குளம் தூர்வாருவதோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். இந்திய நில அளவைத் துறை நாடு முழுவதும் தொடர்ந்து இயங்குகிற ஆதார நிலையங்களின் வலையமைப்பை நிறுவியிருக்கிறது, அதன் உதவியோடு அளந்தால் சென்டிமீட்டர் துல்லியம் கிடைக்கும். சட்டத் தடை என்று பயப்படவும் காரணம் இல்லை: 2021 பிப்ரவரி 15-ல் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல்கள், இந்தியர்கள் இப்படிப்பட்ட இடத் தரவைச் சேகரிக்க முன் அனுமதி வாங்க வேண்டும் என்ற பழைய கட்டுப்பாட்டை நீக்கிவிட்டன. தடைசெய்யப்பட்ட இடங்களை மட்டும் விட்டுவிட வேண்டும், அது எல்லோருக்கும் தெரிந்ததே.

சாலை போடும்போதும் பாலம் கட்டும்போதும் ஒப்பந்தக்காரர்கள் மைல்கணக்கில் இப்படி அளக்கிறார்கள். அந்த அளவுகள் கோப்புக்குள் போய்த் தூங்குகின்றன. மக்கள் வரிப்பணத்தில் அளந்த அந்தப் புள்ளிகளில் பொது இடங்களைச் சேர்ந்தவற்றை மாவட்ட நிர்வாகம் தன் இணையதளத்தில் போடலாம், பெரிய கோப்பு எதுவும் வேண்டாம், இடத்தின் பெயர், இரண்டு எண்கள், அளந்த தேதி, எந்தக் கணக்கில் அளந்தது, ஒரு புகைப்படம். ஒரு ஊராட்சிக்கு இரண்டு மூன்று புள்ளி கிடைத்தாலே அங்கே வரைகிற அத்தனை பேரும் எந்தப் படம் வந்தாலும் அதைச் சில நிமிடத்தில் இடத்தில் உட்கார வைத்துவிடுவார்கள்.

மலைப்பகுதியில் முதலில் தொடங்கச் சொல்வேன். நாகர்கோவிலில் தடங்கள் ஏராளம், யாராவது ஒருவர் தினமும் பதிகிறார். பேச்சிப்பாறைக்கு மேலே, மாறாமலை, கோதையாறு பக்கம்தான் தடமும் குறைவு, படத்தின் பிழையும் அதிகம், அங்கே இருக்கிற காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளுக்குப் போகிற வழிகள் வரைபடத்தில் எங்கெங்கோ அலைகின்றன. தோட்டத்து வேலைக்கும் பேருந்திலும் அந்த வழியாகத் தினமும் போய்வருகிற யாராவது இதைப் படித்தால், கைபேசியில் ஒரு செயலியைப் போட்டு, போகும்போதும் வரும்போதும் பதிந்து ஏற்றுங்கள். வரையத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, தடம் வந்தால் போதும், வரைகிறதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
வரைபடத் தன்னார்வலர் ஒருவர்,
தக்கலை.